பாதித் தொட்டியே ஆபத்து



கோடையில் சென்னைப் புறநகர்த் தெருக்களில் பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றிக்கொண்டு குட்டி வேன்கள் தண்ணீர் விற்க வருகின்றன. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். தொட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தால் தண்ணீர் அலைய இடமில்லை. இரண்டு தெரு விற்றபின் மிஞ்சும் பாதித் தண்ணீரைத்தான் அஞ்ச வேண்டும். பிரேக் போட்டால் முன்னே பாய்கிறது. வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கி வண்டியைச் சாய்க்கிறது. வண்டி நின்ற பிறகும் திரும்பி வந்து மோதுகிறது.

டேங்கர் லாரிகளுக்குள் ஓட்டை வைத்த குறுக்குத் தடுப்புகள் இருப்பது இதற்காகத்தான். ஓட்டை வழியே கடக்கும்போது தண்ணீரின் வேகம் குறைகிறது. இந்த வேன்களில் ஏற்றும், மொட்டைமாடிக்கென்று செய்த தொட்டியில் இத்தடுப்பு கிடையாது. குறுக்குத் தடுப்பும் பக்கவாட்டு அலைச்சலை அடக்காது. அதற்கு நீளவாக்கில் தடுப்பு வேண்டும்.

செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. ஒரே பெரிய தொட்டிக்குப் பதிலாக, குட்டையான சிறு தொட்டிகள் இரண்டு மூன்றை இரும்புச் சட்டத்தில் இறுகப் பிணைத்து, ஒன்று காலியான பின்பே அடுத்ததைத் திறக்கலாம். இடையே குழாய் இணைப்பு இருந்தால் வால்வை மூடியே வைக்க வேண்டும். வெறும் கயிற்றுக்கட்டு போதாது. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் தெருக்கள் இவை. தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது போக்குவரத்து அதிகாரிகள் தொட்டியையும் சோதிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தாம்பரம்