அடிநாதமும் அளவு மணியும்

ஒரு சமூகம் யாரைப் புகழ்கின்றது என்பதைக் கொண்டு அதன் அறிவை அளக்கலாம். யாருக்குக் கூலி கொடுக்கத் தயங்குகின்றது என்பதைக் கொண்டு அதன் நேர்மையை அளக்கலாம். இவ்விரு கோல்களையும் கையிலெடுத்து, நம் பத்து பாகாட் மண்டபங்களிலும் சுற்றுவட்டத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் நடைபெறும் இன்னிசைக் கச்சேரிகளை ஆராய்வோமாயின், நாணத்தக்க செய்தியொன்று புலப்படும். பாடுவோர் முன்னே நிற்கின்றார். பின்னே பேஸ் கிட்டார் ஏந்திய இளைஞன் நிற்கின்றான். அவன் விரல் அசைகின்றது. ஆயினும் நாம் கேட்கும் அடிநாதம் பல வேளைகளில் அவன் விரலினின்று பிறப்பதன்று. மேடையோரத்துக் கணினியில் முன்னரே பதிந்து வைத்த ஓசை, ஒலிபெருக்கி வழியே நம் செவிக்கு வருகின்றது. சில மேடைகளில் அந்த இளைஞனும் இல்லை. இதற்கு 'லைவ்' கச்சேரி என்று சுவரொட்டி ஒட்டுகின்றோம்! இது கலையா, கண்கட்டா?

பேஸ் கிட்டார் என்பது பாட்டிற்கு அஸ்திவாரம். 1951-ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் என்பவர் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்த நான்கு தந்திக் கருவியே இன்று உலகெங்கும் மாதிரியாய் நிற்பது. அதன் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கின்றது. டிரம்ஸின் காலடியையும் பாட்டின் சுரத்தையும் முடிச்சுப் போட்டுப் பிணைக்கும் வேலை அதனுடையது. கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கியில் அந்த நாதம் பெரும்பாலும் வருவதில்லை. ஆதலால் தொலைபேசியில் பாட்டுக் கேட்டுப் பழகிய செவி, பேஸ் என ஒன்று உண்டென்பதையே மறந்துவிடுகின்றது. அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்காக வீட்டுக்கு அது வேண்டாமென்று கூறுவார் உண்டோ?

இந்த அலட்சியம் நமக்குப் புதிதன்று. நாகசுரக் குழுவில் இடைவிடாது ஆதார சுருதியைத் தாங்கி நிற்பவன் ஒத்து ஊதுவோன். அவன் மூச்சு நின்றால் நாகசுரத்திற்கு நிலம் இல்லை. நாம் அவனுக்கு அளித்த மரியாதை யாது? 'ஒத்து ஊதுகிறான்' என்பதை ஏச்சாக்கினோம்! தாங்குவோனை இழிவுபடுத்தி, தாங்கப்படுவோனைத் தோளில் சுமக்கும் வழக்கம் நம் மொழியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. சாதி முறையின் நெடிய நிழல் இசை மேடையிலும் விழுந்திருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இளங்கோவடிகள் இவ்வாறு செய்தாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலைக் கூறுமுன், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன் ஆகியோரோடு தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணத்தையும் ஒவ்வொன்றாய் வகுத்துரைக்கின்றார். முழவடிப்போனுக்கும் காப்பியத்தில் இடமுண்டு. நம் சுவரொட்டியிலோ பாடகர் படம் ஓராள் உயரம். வாத்தியக்காரர் பெயர் ஓரங்குலமும் இல்லை. 1976-இல் 'அன்னக்கிளி'யொடு திரையிசைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனித்ததொரு குரலாகவே நடைபோடுகின்றது. அதை வாசித்த சசிதரன் பெயரையும், சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ் பெயரையும் நம்முள் எத்தனை பேர் அறிவர்? அமெரிக்காவிலும் இந்நோய் இருந்தது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்திற்கு 1960-களில் எண்ணற்ற பாடல்களில் அடிநாதம் தந்த ஜேம்ஸ் ஜேமர்சன், தம் பெயர் அந்நிறுவனத்து இசைத்தட்டு உறையில் அச்சேறக் காண 1971 வரை காத்திருந்தார்.

இனி 'கிளிக்' என்னும் அளவு மணிக்கு வருவோம். வாசிப்போர் செவியில் மட்டும் 'டிக், டிக்' என ஒலித்துக் காலத்தைக் கணக்கிடும் ஓசை அது. "கிளிக் வந்தது, உணர்ச்சி போயிற்று, கலைஞன் இயந்திரமானான்" என்று புலம்புவோர் ஒரு சாரார். அவர்களை வினவுகின்றோம்: நட்டுவனார் கைத்தாளம் அளவு மணி அன்றா? தாளத்தில் பிசகிய பாட்டை எந்தத் தமிழன் உணர்ச்சி என்று கொண்டாடினான்? ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் 1814-இல் அமைத்த காலக்கருவியை மெல்சல் என்பவர் மறு ஆண்டே தம் பெயரில் உரிமைப் பதிவு செய்துகொண்டார்; அதுவே மெட்ரோநோம். உழைப்பு ஒருவனுடையது, பெயர் மற்றொருவனுடையது என்ற கதை அங்கும் உண்டு. ஆயினும் கருவி மீது குற்றமில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். இருள் பிரியுமுன் பெரட்டு மணி அடிக்கும். நம் பாட்டனும் பாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு களத்தில் வரிசை நிற்பர். அம்மணியை அவர்கள் வெறுத்தது அதன் ஓசைக்காகவா? அன்று. மணி அடிப்பவன் கங்காணி, நேரம் குறிப்பவன் துரை, ஓடுபவன் மட்டும் தொழிலாளி என்பதற்காக வெறுத்தனர். அதே மணி சங்கக் கூட்டத்திற்கு அழைத்திருந்தால் அதையே வாழ்த்தியிருப்பர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மணி யார் கையில்?

வாசிப்போர் தாமே கூடிப் பேசி, இப்பாட்டு நிமிடத்திற்கு 96 அடி, அப்பாட்டு 120 அடி என்று வேகம் குறித்து, டிரம்ஸ் வாசிப்போன் கையில் நிறுத்தும் விசையையும் கொடுத்துவிட்டால், கிளிக் அவர்களுக்கு ஊழியன். மணப்பெண் மேடையேறத் தாமதமா? நான்கு சுற்று நீட்டி வாசிக்கலாம். பாடுவோர் சரணத்தில் ஓரடி விட்டுவிட்டாரா? பேஸ் வாசிப்போன் அவர் வாயைப் பார்த்து உடனே சென்று சேர்ந்துகொள்வான். கிளிக் அதற்கு இடையூறன்று. வேண்டாதபோது அதை அணைத்துவிடலாம். பதிவோசையோ காத்திராது, திரும்பிப் பாராது, மன்னிக்காது. பாடகர் தடுக்கி விழுந்தாலும் தன் போக்கில் ஓடும். அப்போது மேடையிலுள்ள அத்தனை பேரும் அதன் பின்னே ஓடுகின்றனர். பெரட்டுக்களம் ஒழிந்தது; பெரட்டு மேடையில் தொடர்கின்றது!

மற்றொரு மூடப்பழக்கம் கருவி வழிபாடு. இரண்டு மாதச் சம்பளத்தை ஈடாக்கிப் பெயர்பெற்ற கிட்டாரை வாங்கிவிட்டால் இசை தானே வந்திறங்கும் என்று நம்பும் இளைஞர் பலர். கல்லுக்கு அபிஷேகம் செய்து செல்வம் வேண்டுவோருக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்? ஜேமர்சன் வைத்திருந்தது சாதாரண நான்கு தந்திக் கருவி. தட்டைச் சுற்றுத் தந்திகளை மாற்றாது ஆண்டுக்கணக்கில் வைத்து, ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்தார். நாதம் விரலில் இருந்தது.

அறிவோடு செலவிடுவது எவ்வாறு? சுருதி நழுவாத, கழுத்து வளையாத நான்கு தந்திக் கருவியொன்று, சுருதிமானி ஒன்று, உபரித் தந்திக் கட்டு ஒன்று, நல்ல கேபிள் இரண்டு. எல்லாவற்றினும் முதன்மையாய் ஒரு டி.ஐ. பெட்டி. கிட்டாரின் மெல்லிய மின்னோசை நெடுந்தூரக் கேபிளில் இரைச்சலைச் சுமந்து செல்லும், டி.ஐ. பெட்டி அதை மாற்றி, மிக்சர் வரை தூய்மையாய்க் கொண்டு சேர்க்கும். கோயில் மேடையில் எழும் மின்சார 'உம்' ஓசை வினாடிக்கு 50 அதிர்வு. தடித்த தந்தியின் மூன்றாம் கட்டில் பிறக்கும் சுரமோ 49. இரண்டும் உரசினால் எவன் வாசிப்பும் கெடும். அப்பெட்டியிலுள்ள நில இணைப்பு விசையைத் திருப்பினால் பல வேளைகளில் அந்த உறுமல் அடங்கும். கிளிக் கேட்கும் செவிக்கருவி கம்பியுள்ளதாயினும் போதும். அதை இரு செவியிலும் இடுக. ஒரு செவியில் மட்டும் இட்டால் ஓசையைக் கூட்டிக் கூட்டிச் செவியைக் கெடுத்துக்கொள்வோம். பேஸின் கீழோசை அலை எட்டு மீட்டர் நீளமுடையது. மண்டபத்து மூலையில் திரண்டு முழங்கும், சில அடி தள்ளி நின்றால் தேய்ந்துபோகும். ஆதலால் தன் காலடியில் கேட்பதை நம்பி ஓசையைக் கூட்டாது, கச்சேரிக்கு முன் மண்டபத்தில் நடந்து பார்த்து அளவு வைப்பதே அறிவுடைமை. இவற்றுள் எதற்கும் செல்வம் மிக வேண்டுவதில்லை, சிந்தனை வேண்டும்.

"எட்டுப் பேருக்குக் கூலி கொடுக்க எங்களிடம் பணமில்லை" என்பர் விழா நடத்துவோர். பணமுடை மெய்யாயிருக்கலாம். ஆனால் மலர் அலங்காரத்திற்கும் வாண வேடிக்கைக்கும் முடையில்லாத கை, வாத்தியக்காரனிடம் வரும்போது மட்டும் ஏன் நடுங்குகின்றது? எட்டுப் பேருக்கு இயலாதெனின் மூவரை வையுங்கள்: டிரம்ஸ், பேஸ், கீபோர்டு. அம்மூவர் மெய்யாக வாசிக்கட்டும். வயலின் கூட்டத்தின் ஓசை வேண்டுமெனின் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 'இது பதிவோசை' என்று அறிவித்துவிடுங்கள். மறைப்பதில்தான் இழிவு, குறைவில் இல்லை.

தைப்பூசத்திலும் திருவிழாவிலும் உறுமி மேளம் முழக்கும் நம் இளைஞரைப் பாருங்கள். கணினியில்லை, பதிவில்லை; பத்துப் பதினைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக் காலம் தவறாது அடிக்கின்றனர். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களினின்று பட்டணத்துக்குப் பெயர்ந்த பின்னும் அவர்கள் கைவிடாத செல்வம் அக்கூட்டுச் செவி. அச்செவியுடைய இளைஞன் கையில் பேஸ் கிட்டாரைக் கொடுத்து, மேடையேற்றி, பதிவின் முன் பொம்மையாய் ஆடச் சொல்வது அவன் திறனைக் கொலை செய்வதாகும்.

தோழர்களே! பத்து பாகாட் என்னும் பெயருக்கு உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். கல்லுக்குப் பெயர் நின்றது. உளி பிடித்தவன் பெயர் நிற்கவில்லை. நம் காலத்திலும் அவ்வாறே விடுவோமா? அடுத்த திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ இசைக்குழு பேசும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: பேஸ் வாசிப்பது ஆளா, கணினியா? அவன் பெயர் சுவரொட்டியில் உண்டா? அவன் கூலி யாது? விடை கூசுமாயின், வேறு குழுவைத் தேடுங்கள். வாசிக்கும் தோழர்களே! அளவு மணியை அஞ்சாதீர். அதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்காத பாட்டுக்கு விரலசைக்க மறுத்துவிடுங்கள்.