சேலம் வளைவையாவது காப்பாற்றுங்கள்



கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் நின்ற டிலைட் தியேட்டரை இடித்துவிட்டார்கள். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் 'வெரைட்டி ஹால்' என்ற பெயரில் கட்டிய அரங்கு அது. ரயில்வேயில் வேலை பார்த்த அவர், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படச்சுருள்களும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அலைந்து திரிந்து, கடைசியில் சொந்த ஊரில் எழுப்பிய கட்டடம். தெருவுக்கே பெயர் தந்த அரங்கு போய்விட்டது. தெருவின் பெயர் மட்டும் இருக்கிறது.

கொல்லிமலைக்காரனுக்குக் கோவை தியேட்டரைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். எங்கள் திருப்புலி நாட்டில் தியேட்டர் கிடையாது. பெரிய திரையில் ஒரு படம் பார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போகிறவர்கள் நாங்கள். ஓர் அரங்கின் அருமை எங்களுக்குத் தெரியும்.

எங்கள் கவலை இப்போது சேலத்தைப் பற்றியது. எங்கள் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். 'மந்திரி குமாரி'க்குக் கலைஞர் வசனம் எழுத, எம்.ஜி.ஆர். நடித்ததும் அந்த நிறுவனத்துக்காகத்தான். பிற்காலத்தில் முதலமைச்சர்களான இருவர் உழைத்த அந்த ஸ்டூடியோ இன்று குடியிருப்பாகிவிட்டது. மிஞ்சியிருப்பது சாலையோரத்து நுழைவு வளைவு ஒன்றே.

அந்த வளைவும் 2023 இறுதியில் தகராறில் சிக்கியது. நெடுஞ்சாலைத் துறை அளந்து எல்லைக் கல் நட்டது. நிலம் யாருடையது என்ற சண்டை அரசியல் சண்டையாகவும் மாறியது. வளைவை யார் பராமரிப்பது என்பதைப் பற்றித்தான் பேச்சில்லை. நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும். வளைவு தமிழ்ச் சினிமாவுடையது.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதற்குப் பிறகும் டிலைட் இடிக்கப்பட்டது என்றால், சட்டம் யாருக்காக? உரிமையாளரை நான் குறை சொல்லவில்லை. ஒற்றைத் திரை அரங்குகள் தள்ளாடும் காலத்தில், கைப்பணம் போட்டு வரலாற்றைக் காப்பாற்று என்று தனிமனிதரிடம் கேட்பது நியாயமில்லை. பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துச் சொத்து வரியில் சலுகையும் பராமரிப்புக்கு நிதியும் தர வேண்டியது அரசு. சென்னை அண்ணா சாலையில் 1913இல் தோன்றிய எலக்ட்ரிக் தியேட்டர் இன்றும் நிற்கிறது. அது அஞ்சல் துறையின் கையில் இருந்தது என்பதுதான் காரணம்.

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் எங்கள் மலையில் வல்வில் ஓரிக்கு அரசே விழா எடுக்கிறது. சங்க கால வள்ளலை மறக்காத அரசு, நம் தாத்தா காலத்துக் கலைக்கூடத்தை மறப்பதை எப்படி ஏற்பது?

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக உடனே அறிவிக்க வேண்டும். தமிழகத்தில் மிஞ்சியிருக்கும் பழைய அரங்குகளை மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலில் உள்ள எதையும் பாரம்பரிய ஆணையத்தின் அனுமதியில்லாமல் இடிக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். வெரைட்டி ஹால் நின்ற இடத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் பெயரில் ஒரு கல்வெட்டாவது கோவை மாநகராட்சி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்புலி நாடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.