பூச்சி மருந்தும் பிள்ளைத்தாய்ச்சியும்

வயிற்றுப் பூச்சி என்பது மிட்டாய் தின்னும் பிள்ளைகளின் உபாதையே அன்றி வளர்ந்த பெண்களைப் பற்றுவதன்று, பற்றினாலும் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போதும், கர்ப்பிணிக்குப் பூச்சி மருந்து கொடுப்பதோ பெரும் அபாயம் என்னும் அபிப்பிராயம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது.

முதற் கூற்றுக்கு அரசாங்கமும் அறியாமலே துணைபோகிறது. இந்தியாவில் 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கே உரியதாகையால், பள்ளிப் பருவத்தோடு பூச்சியும் போய்விடும் என ஜனங்கள் எண்ணுவதில் வியப்பில்லை. வயிற்றுப் பூச்சிகளுள் ஒன்றான கொக்கிப்புழுவோ வயது பார்ப்பதில்லை. 1838இல் மிலான் நகரத்து வைத்தியர் ஆஞ்செலோ துபினி அதைக் கண்டது ஒரு குடியானவப் பெண்ணின் சடலத்தைச் சோதித்தபோதுதான். ஈரமண்ணை மிதிக்கும் வெறுங்காலின் தோலைத் துளைத்தே அது பெரும்பாலும் உடம்பினுள் புகுவதால், மிட்டாய்க்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. நிழலும் ஈரமும் செறிந்த இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுத்த தமிழ்ப் பெண்களின் பாதங்கள் அதற்கு வாயிலாயின. ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் 1916இலேயே அங்கே ஒழிப்பு வேலையைத் தொடங்க நேர்ந்தது.

மாத்திரையே போதும் என்பார் வரவை எழுதிச் செலவை எழுதாமல் விடுகிறார்கள். கொக்கிப்புழுவில் நெக்கேட்டர் என்னும் வகைப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு இழக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர், அற்பம்தான். ஆனால் 100 புழுக்கள் குடியிருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலிட்டராகிறது. மாதவிலக்கிலோ சாதாரணமாக இழப்பது 30 முதல் 40 வரையே. அன்கைலோஸ்டோமா வகையானால் சேதம் இதனினும் பன்மடங்கு. மாதந்தோறும் இழந்து, கருவுக்கும் ஈந்து, பிரசவத்திலும் சிந்துகிற ஸ்திரீக்கு இச்செலவை ஈடுசெய்யச் சேமிப்பு ஏது? இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் சோகையுற்றிருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அத்தனைக்கும் புழுவே காரணம் என்று நான் வாதிக்கவில்லை, இரும்புச்சத்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புழு இருக்குமிடத்தில் அதை விட்டுவைத்துச் செய்யும் சிகிச்சை அரைகுறை என்பதே என் வாதம்.

மூன்றாவதான, கர்ப்பிணிக்குப் பூச்சி மருந்து கொடுப்பது பற்றிய அச்சத்தில் நியாயம் சிறிது உண்டு. முதல் மூன்று மாதங்களில் இம்மருந்தைத் தவிர்ப்பதே விதி. அதன் பின்னும் அஞ்சுவோர் இலங்கை ஆராய்ச்சியாளர் 1999இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வைக் காண்க. மெபெண்டசோல் என்னும் பூச்சி மருந்தை உட்கொண்ட 5,275 தாய்மாரின் சிசுக்களில் 1.8 சதவீதத்துக்கும், உட்கொள்ளாத 1,737 தாய்மாரின் சிசுக்களில் 1.5 சதவீதத்துக்கும் பெரும் பிறவிக்குறை இருந்தது. அவ்வித்தியாசம் புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத்தக்கதன்று. பிரசவத்தையொட்டிய சிசு மரணம் மருந்துண்டோரிடம் குறைவாகவே காணப்பட்டது. எனினும் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய சோதனையன்று அது, ஆகவே அப்புண்ணியத்தை மருந்தின் கணக்கில் சேர்க்க நான் துணியேன். உலக சுகாதார ஸ்தாபனமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பூச்சி மருந்தை விதிக்கவில்லை: கர்ப்பிணிகளிடையே புழுத்தொற்று 20 சதவீதமும் சோகை 40 சதவீதமும் எட்டிய பிரதேசங்களில், முதல் மூன்று மாதங்கள் கழிந்தபின், அல்பெண்டசோல் 400 மில்லிகிராமாவது மெபெண்டசோல் 500 மில்லிகிராமாவது ஒரே வேளை கொடுக்கலாம் என்கிறது.

மருந்தோடும் காரியம் முடிவதில்லை: மருந்துண்டவள் மறுநாளே அதே ஈரமண்ணை மிதிக்கிறாள். புதிதாய்ப் புகும் புழுவை அம்மருந்து தடுப்பதில்லை. மண்ணில் மலம் சேராதபடி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கழிப்பிடம் கட்டாமல் மாத்திரை மட்டும் விநியோகிக்கும் நிர்வாகம், அடுத்த கர்ப்பத்திலும் அவளுக்கு அதே மாத்திரையைக் கொடுக்க நேரும்.