புரையேறும் முதுமையும் நம் கையிலுள்ள கரண்டியும்



உண்ணும்போது யாருக்கேனும் புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளின் வழக்கம். இளையவர்களுக்கு அது ஓர் இருமலோடு முடிந்துவிடும். எண்பதைக் கடந்த பெற்றோருக்கோ அது உயிரைப் பறிக்கும் நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

முதுமையாலும், பக்கவாதம், மறதிநோய் போன்றவற்றாலும் விழுங்கும் ஆற்றல் குன்றுகிறது. உணவும் எச்சிலும் வாயிலுள்ள கிருமிகளோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைத் தாக்குகின்றன. மருத்துவர்கள் இதனை ஆஸ்பிரேஷன் நிமோனியா என்கின்றனர். இருமும் உணர்வே மழுங்கிவிட்டவருக்கு உணவு வழிதவறுவது அருகிலிருப்போருக்கும் தெரியாது. உண்டபின் குரல் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல் வருவது, மூச்சு வேகமாவது, திடீரெனப் புத்தி தடுமாறுவது ஆகியவையே அடையாளங்கள்.

இங்கே நம் அன்பே அவர்களுக்குத் தீங்காகிவிடுகிறது. படுத்திருப்பவரின் வாயில் பாலை ஊற்றுகிறோம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு பரக்கத்தை நாடி ஸம்ஸம் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுகிறோம். பஞ்சை நனைத்து உதட்டையும் நாவையும் ஈரமாக்கினாலே அந்த நோக்கம் நிறைவேறிவிடுமே! நன்கு விழித்திருக்கும்போது நேராக அமரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கவளமாக ஊட்டுவதும், உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவிடாதிருப்பதும் செலவில்லாத சிகிச்சைகள். மூக்குக் குழாய் பொருத்திவிட்டால் அபாயம் நீங்கியது என எண்ணுவதும் தவறு. எச்சிலும், வயிற்றிலிருந்து மேலெழும் உணவும் அப்போதும் நுரையீரலுக்குள் இறங்கலாம்.

வாய்த் தூய்மை அதைவிட எளிது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுகள் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கே நிமோனியா கண்டது. மற்றவர்களில் 19 விழுக்காடு. நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி வேளையிலும் மிஸ்வாக்கை விரும்பியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை மென்மையாக்கிக் கொடுத்ததையும் மேடைதோறும் கேட்கிறோம். ஆயினும், படுக்கையில் கிடக்கும் நம் அத்தாவின் பற்களை நம்மில் எத்தனைபேர் துலக்கிவிடுகிறோம்?

நோய் முற்றினால் அவலூர்பேட்டையிலிருந்து திருவண்ணாமலைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ விரைகிறோம். செயற்கை சுவாசக் கருவி பொருத்தப்படுகிறது. நாட்கள் நீண்டால், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் டிரக்கியாஸ்டமி குறித்துக் கேட்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். வீடு திரும்பியபின் இரவு பகலாகச் சளியை உறிஞ்சி எடுப்பதும், குழாயைச் சுத்தம் செய்வதும், மின்தடைக்கு அஞ்சி விழித்திருப்பதும் பெரும்பாலும் மருமகளின் பங்காகிறது. முடிவெடுப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பது நீதியன்று.

முன்னாள் முதல்வர் மு. கருணாநிதிக்கு 2016 டிசம்பரில், 92-ஆம் வயதில் சென்னையில் டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. அதன்பின் 2018 ஆகஸ்ட் 7 வரை வாழ்ந்தார். எனவே அச்சிகிச்சை வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், மேடைகளை ஆண்ட குரல் ஏறக்குறைய அடங்கிப்போயிற்று. மருத்துவர்களின் தொடர் கவனிப்பும் அவருக்கு இருந்தது. அவ்வசதி நம் வீடுகளில் எத்தனைக்கு உண்டு?

ஆகவே, பெற்றோர் தெளிவாகப் பேசும் காலத்திலேயே அவர்களின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். மீளமுடியாத நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறைகளை எளிதாக்கியது. மூளை முற்றிலும் செயலிழந்து மீளாது என மருத்துவர்கள் உறுதிசெய்தால் கருவியை அகற்றலாம் என 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவுசெய்தது. பிற நிலைகளில் மருத்துவரையும் ஆலிமையும் ஒருசேரக் கலந்து முடிவெடுப்பதே முறை. உயிரைப் பறிப்பது வேறு; பயன் தராத சிகிச்சையைத் தொடங்காதிருப்பது வேறு.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் பொறுப்புண்டு. சளி உறிஞ்சும் கருவி ஒன்றும், தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில்கள் இரண்டும் பைத்துல்மால் மூலம் வாங்கி வைத்தால், தேவைப்படும் வீடுகளுக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. அச்செவிலியரை அழைத்து, ஊட்டும் முறையை ஆண்களும் கற்றுக்கொள்ளலாம்.

பெற்றோர் முதுமையை அடையும்போது அவர்களிடம் சலிப்பைக்கூடக் காட்டக்கூடாது என்பது மார்க்கத்தின் கட்டளை. நாம் சிறுவராயிருந்தபோது நிமிர்த்தி உட்காரவைத்து, பொறுமையாக ஊட்டிய கைகள் அவை. அதே பொறுமையோடு அவர்களுக்கு ஊட்டும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.