தொட்டியில் முதலிடம் கீரைக்கே!

"இடமில்லை" என்ற சொல்லை இன்று எல்லா வீடுகளிலும் கேட்கிறோம். கொல்லைப்புறம் என்று ஒன்று இருந்த காலத்தில், கிணற்றடியில் வாழையும், பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில் சேம்பும், வேலியில் கோவைக்கொடியும் தாமாகவே வளர்ந்தன. அந்த வீடுகள் இடிந்து மாடிக்கு மேல் மாடியாகிவிட்டன. துணி உலர்த்தும் பால்கனியும், படிக்கட்டுத் திருப்பமும், ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கும் சிமெண்டுப் பலகையுமே நம்மில் பலருக்கு மிஞ்சிய நிலம். ஆகவே தொட்டியில் பயிர் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2013-14ஆம் ஆண்டில் நமது அரசின் தோட்டக்கலைத் துறையே சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்திற்கான பைகளையும், தென்னை நார்க்கழிவுக் கட்டிகளையும், விதைகளையும் மானிய விலையில் கொடுத்தது. மிக நல்ல காரியம். ஆனால் தொட்டியில் எதை வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

புதிதாகத் தொட்டி வாங்குகிறவர் முதலில் நினைப்பது தக்காளியைத்தான். கத்தரியும் எலுமிச்சையும் மாதுளையும் பின்னால் வருகின்றன. ஆசை நியாயமானதே, சிவந்து தொங்கும் பழத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் மகிழாது? ஆனால் காய்க்கிற செடிக்கு நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எதிர் வீட்டுச் சுவர் எட்டி நிற்கும் பால்கனியில் அவ்வளவு வெயிலுக்கு எங்கே போவது? வெயில் கிடைத்தாலும் சித்திரை, வைகாசி வெப்பத்தில் தக்காளிப் பூ பிஞ்சாகாமலே உதிர்ந்துவிடும். அதற்குள் மாவுப்பூச்சி வேறு வந்து குடியேறும். மூன்று மாதம் காத்திருந்து நான்கு காய் பறித்த குடும்பம், "நமக்குக் கை ராசியில்லை" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறது. கை ராசியில் குறையே இல்லை. அந்த இடத்திற்கு அந்தச் செடி பொருந்தவில்லை, அவ்வளவே.

கீரைக்கு இத்தனை நிபந்தனைகள் இல்லை. மூன்று நான்கு மணி நேர வெயில் கிடைத்தால் போதும். அரை அடி ஆழ மண்ணே அதற்கு ஏராளம். முளைக்கீரையை விதைத்த 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை மேலே கிள்ளக் கிள்ள, பத்துப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை மீண்டும் தழைக்கும். வெந்தயத்திற்கும் கொத்தமல்லிக்கும் விதைக் கடைக்கே போக வேண்டாம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் போதும். (கொத்தமல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துவிட்டு விதைக்க வேண்டும்.) பொன்னாங்கண்ணியும் புதினாவும், கடையில் வாங்கிய கட்டிலிருந்து தண்டை எடுத்து ஊன்றினாலே வேர் பிடிக்கும்.

"கீரை என்ன விலை? தெருவில் வரும் கீரைக்கார அம்மாவிடம் வாங்கினால் ஆயிற்று. இதற்கு ஒரு தோட்டமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். வாங்குங்கள், அந்த அம்மாவின் பிழைப்பும் நடக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் கீரை சமைக்காத நாட்களுக்கு விலையா காரணம்? காலையில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய வீட்டில், மண்ணோடும் வேரோடும் வந்த கட்டைப் பிரித்து, பழுத்த இலை நீக்கி, ஆய்ந்து, நான்கு தண்ணீரில் அலசி நறுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? மாலையில் வாங்கி வைத்தாலோ மறுநாள் வாடிவிடுகிறது. தொட்டியில் இருந்தால், வேண்டிய இலையை மட்டும் கிள்ளி, ஒருமுறை அலசிப் பருப்பில் போட்டுவிடலாம். ஒரு கைப்பிடி கிடைத்தால் ஒரு கைப்பிடி. முழுக் கட்டு வேண்டும் என்பதில்லை. நான் தொட்டிக் கீரைக்காக வாதாடுவது முக்கியமாக இந்த வசதிக்காகவே.

இதில் பெண் பிள்ளைகளுக்குத் தனி அக்கறை இருக்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியைகளுக்கு இந்த எண்ணிக்கை வியப்பளிக்காது. கீரை மட்டுமே இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் முழுவதும் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தால் குறைவாக ஏற்கும். மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புவது பேதைமை. ஆனால் எதுவுமின்றி ஊறுகாயும் சோறுமாக டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வரும் நாளும், ஒரு பிடி முருங்கைக் கீரை உதிர்த்த சோறு வரும் நாளும் ஒன்றாகுமா?

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகலமான பாத்திரம் எதுவானாலும் சரி. விரிசல் விட்ட பிளாஸ்டிக் டப்பும் உதவும். பெயிண்டு, பூச்சி மருந்து வந்த டப்பாக்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அடியில் துளையிட்டு, துளையின் மேல் ஓட்டுச் சில்லை வையுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. கீரை விதை மிகப் பொடியானது. மணலோடு கலந்து தூவி, கையால் நீர் தெளித்தால் ஒரே இடத்தில் குவியாது.

வீட்டுக்காரர் சம்மதமும் முக்கியம். 15 லிட்டர் வாளி நிறைய ஈர மண் எடுத்தால் 25 கிலோவுக்குக் குறையாது. பத்துத் தொட்டியை மாடியின் நடுவே அடுக்கிவிட்டு, தளம் ஒழுகுகிறது என்று அவர் முணுமுணுத்தால் குற்றம் அவருடையதன்று. சுவரோரமாக, செங்கல்லின் மேல் வையுங்கள். மண்ணில் பாதிக்கு நார்க்கழிவு சேர்த்தால் கனம் வெகுவாகக் குறையும். அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிவிடும்.

தண்ணீரைப் பற்றிய கவலையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரி வரும் வழி பார்த்துக் குடங்கள் வரிசையில் நின்றபோது, செடிக்கு நீர் ஊற்ற யாருக்கு மனம் வரும்? ஆனால் நான்கு பேருக்கு உலை வைக்கும் வீட்டில் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் இரண்டு மூன்று கீரைத் தொட்டிக்குப் போதும். சோப்பு நீரை மட்டும் உண்ணும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

சின்ன இடத்தில் கீரைக்கே முதலிடம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. 1991இல் சோவியத் நாடு கலைந்தபோது, அதை நம்பியிருந்த கியூபாவுக்கு எண்ணெயும் இரசாயன உரமும் வருவது வெகுவாகக் குறைந்துபோயிற்று. தலைநகர் ஹவானாவின் மக்கள் காலி மனைகளிலும், சிமெண்டு போட்ட தரைகளிலும் கல்லையும் பலகையையும் கொண்டு நீண்ட தொட்டிகள் கட்டி, மக்கிய உரத்தை நிரப்பிப் பயிர் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி லெட்டூஸ் முதலிய இலைக் காய்கறிகளே. சீக்கிரம் வருவதும், அருகிலேயே விற்று முடிவதும், வாடுமுன் உண்ணக்கூடியதும் இலைதானே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் தொட்டி வந்ததும் அது பெண் பிள்ளையின் வேலைப் பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது. அண்ணனும் தம்பியும் அந்தக் கீரையை உண்கிறார்கள் அல்லவா? வாளி தூக்க அவர்களுக்கும் கை உண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கும் மாணவியர் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம்.

நம் பள்ளி வராந்தாவைப் பாருங்கள். வகுப்புக்கு இரண்டாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள் அழகாக நிற்கின்றன. அவற்றை நீக்குமாறு நான் கேட்கவில்லை. விருந்தினர் வரும் நாளில் அவையும் வேண்டும். அவற்றுக்கு அடுத்த வரிசையில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அகலத் தொட்டி வைக்க மதிப்புக்குரிய தலைமையாசிரியை சகோதரி அனுமதி தர வேண்டுகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் விதைத்தால் ஜூலை முதல் வாரம் கீரை பறிக்கலாம். பறித்ததை விடுதிச் சமையலறைக்குக் கொடுக்கலாம். சனி, ஞாயிறுகளில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும், விடுதி மாணவியரும் மற்றவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.