‘ஹைலி’யை யார் சொல்லணும்?

வேலைக்கு மனுப் போடும் நம் பிள்ளைகளின் பயோடேட்டாவைப் பார்த்திருக்கிறீர்களா? அத்தனை பேரும் ‘ஹைலி மோட்டிவேட்டட்’! கொஞ்சம் கீழே வந்தால், ‘எக்ஸ்ட்ரீம்லி ஹார்டு ஒர்க்கிங்’. இன்னும் கீழே, ‘டீப்லி பேஷனேட்’. எதன் மேல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

‘நான் மிக மிகக் கடுமையான உழைப்பாளி’ என்று தமிழில் இவர்களில் யாராவது எழுதுவார்களா? கை கூசும். ஊரே சிரிக்கும். இங்கிலீஷ் என்றால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகிறது? அந்த பாஷையில் எழுதினால், வேறு யாரோ நம்மைப் புகழ்கிற மாதிரி இருக்கிறது. அதான் விஷயம்!

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனி தானே சம்பாதித்த நற்பெயரை, அதாவது குட்வில்லை, தன் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. அக்கவுன்ட்டிங் ஸ்டாண்டர்ட் 26 அப்படித்தான் சொல்கிறது. இன்னொருத்தர் காசு கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கினால்தான் குட்வில் கணக்கில் ஏறும். ‘ஹைலி’யும் அப்படித்தான். அடுத்தவர் தர வேண்டிய பட்டம் அது.

1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். தன்னைப் பற்றி என்ன சொன்னார்? போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. வருஷச் சம்பளம் வெறும் 20 பவுண்டு. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. தன் கண்டுபிடிப்புகள் திகைக்க வைப்பவை என்பதைக்கூட, உள்ளூர்க் கணித அறிஞர்கள் அப்படிச் சொல்வதாகத்தான் எழுதினார். மிச்சமெல்லாம் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். அடுத்த வருஷமே கப்பல் ஏறினார்.

2018 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப், தன்னை ‘வெரி ஸ்டேபிள் ஜீனியஸ்’ என்று ட்விட்டரில் எழுதிக்கொண்டார். அந்த ‘வெரி’ யாருடைய சந்தேகத்தைத் தீர்த்தது? கேலிக்குத்தான் தீனி போட்டது.

என் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே அச்சைக் கொடுக்கிறார்களே, அவர்கள் மேல். வீடு வீடாகப் பேப்பர் போட்டுக்கொண்டே டிகிரி முடித்த பையன், அதை மறைத்துவிட்டு ‘ஹார்டு ஒர்க்கிங்’ என்று எழுதுகிறான். பேப்பர் போட்டது கௌரவக் குறைச்சல் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

தம்பி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எத்தனை வீட்டுக்குப் பேப்பர் போட்டாய் என்று எழுது. ‘எக்ஸ்ட்ரீம்லி’யைப் படிக்கிறவர் சொல்லிக்கொள்வார்!