மார்ச் மாதத்து மரக்கன்றுகள்

மார்ச் பிறந்தால் போதும், கண்மாய்க் கரைகளையும் புறம்போக்குப் பொட்டல்களையும் தேடி வண்டிகள் வருகின்றன. கன்றுகள் இறங்குகின்றன, பதாகை கட்டப்படுகிறது, பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். நிதியாண்டு 31-ஆம் தேதி முடிகிறது. அதற்குள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிட்டுக் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரம். அடுத்த பெருமழைக்கோ இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது. சில நிறுவனங்கள் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வரை பொறுக்கின்றன. நம் கிழக்கு மாவட்டங்களுக்கு மழை தருவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவம் என்பதை அவையும் எண்ணிப் பார்ப்பதில்லை. இப்படி நட்டுக் கருகவிட்டு, அதையே இயற்கைப் பாதுகாப்பு என்று ஆண்டறிக்கையில் அச்சிடுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டும் நிறுவனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்காக அவை செலவிட வேண்டும். அந்தப் பணம் போகக்கூடிய இனங்களில் சூழல் பாதுகாப்பும் ஒன்று. சட்டத்தில் பழுதில்லை, பணம் போய்ச் சேரும் இடத்தில்தான் பழுது.

மரமில்லாத நிலமெல்லாம் வீணான நிலம் என்ற எண்ணம் முதலில் ஒழிய வேண்டும். புல்வெளி ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலம். கவுதாரியும் ஆள்காட்டியும் தரையிலேயே முட்டையிடும் இடம். வெளிமான் ஓடித் திரியும் வெளி. அங்கே வரிசை வரிசையாகக் குழி தோண்டினால் அந்த உயிர்களுக்குப் போக்கிடமில்லை. நீலகிரிப் புல்வெளிகளில் வாட்டில் மரம் நட்டவர்களும், விறகுக்கென்று சீமைக்கருவேலம் விதைத்தவர்களும் நல்லது செய்வதாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் விலையை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது பழி ஒன்றிய கம்பெனிகள் விவகார அமைச்சகத்தைச் சேரும். 2021 விதிகளின்படி, ஒரு தொடர் திட்டம் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீள முடியாது. சோலை மூன்று ஆண்டில் வளருமா? அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, எந்த அமைப்பின் மூலநிதிக்கும் இந்தப் பணத்தைத் தரக்கூடாது என்று உறுதியாகச் சொன்னது. முதலை வைத்து அதன் வட்டியில் ஒரு நிலத்தைக் காலமெல்லாம் காக்கும் வழி இதனால் அடைபட்டது. அந்த வழி நமக்குப் புதிதல்ல. பொன்னை முதலாக ஊர்ச்சபையிடம் ஒப்படைத்து, அதன் பொலிசையில் ஏரியைத் தூர்வார ஏற்பாடு செய்தவர்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்கவே தனி வாரியம் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர்ச்சபைக்குத் தெரிந்த கணக்கு அமைச்சகத்துக்குத் தெரியாமல் போவானேன்?

வேறுவிதமாகச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் வால்பாறைக்குப் போய்ப் பார்க்கட்டும். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாய் எஞ்சிய மழைக்காடுகளை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டுவருகிறது. தோட்ட நிறுவனங்கள் அதற்குத் தங்கள் நிலத்தைத் திறந்துவிட்டன. உள்ளூர்க் காட்டு மரங்களின் விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடியை வெட்டி அகற்றி, மழைக்காலத்தில் நட்டு, அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் களையெடுக்கிறார்கள். இருவாச்சிக்கும் சிங்கவால் குரங்குக்கும் தேவைப்படுவது இந்தப் பொறுமைதான். இதில் புகைப்படத்துக்கு ஏற்ற நாள் என்று ஒன்று இல்லை. அதனால்தான் இத்தகைய வேலைக்குப் பணம் தர ஆள் குறைவு.

பிள்ளைகளுக்குச் செய்யும் தவறுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஒரு தொப்பி, ஒரு பிஸ்கட் பொட்டலம், கையில் ஒரு கன்று, ஒரு படம்: இதற்குச் சூழல் கல்வி என்று பெயர். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே உத்தரவிட்டது. அந்தக் கல்வி இதுவல்ல. தான் நட்ட கன்று ஏன் பட்டுப்போனது என்று ஒரு சிறுமி கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. அதே கண்மாய்க்கு மாதம் ஒருமுறை அழைத்துப் போய், எந்தப் பறவை எப்போது வருகிறது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டும் ஓர் ஆசிரியருக்கு ஐந்தாண்டுச் சம்பளம் கொடுங்கள். பந்தல் செலவைவிட அது பெரிதாக இருக்கலாம். இருக்கட்டும்.

நிறுவனங்கள் நட்ட எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்தி, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதை இடம் குறிப்பிட்டு வெளியிட வேண்டும். புல்வெளியிலும் ஏரிப்படுகையிலும் நடுவதை இந்த ஆண்டே கைவிட வேண்டும். தாக்க மதிப்பீடு 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும், அதுவும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்ற விதியை அமைச்சகம் மாற்றி, நிலத்தைத் தொடும் எல்லாத் திட்டங்களுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். நிலப் பாதுகாப்புக்கான மூலநிதிக்கு விலக்கு அளித்து, அடுத்த மார்ச்சுக்குள் திருத்தாணை வெளியிட வேண்டும்.